அழித்திருக்க வேண்டிய பிரதிகள்: வெர்னர் – ஆட்டோடெஸ்க் வழக்கும் கைகழுவப்பட்ட மென்பொருளின் மறுபயன்பாடும்

2007 ஏப்ரலில், அமெரிக்காவில் ஒரு கட்டடக்கலை நிறுவனம் தனக்கு இனி வேண்டாத அலுவலகப் பொருள்களை விற்பனைக்கு வைத்தது. அவற்றுக்கிடையே ஆட்டோகேட் வெளியீடு 14 என்னும் வரைபட மென்பொருளின் நான்கு பெட்டிகளும் இருந்தன. நான்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே வெளியிட்ட அசல் பிரதிகள்; மென்பொருளை இயக்கத் தேவையான ஆக்டிவேஷன் குறியீடுகள் பெட்டிகளின் மேல் கையால் எழுதப்பட்டிருந்தன. அவற்றை விலைக்கு வாங்கிய டிமதி வெர்னர், பழைய பொருள்களை ஈபே ஏலத் தளத்தில் விற்று வருவாய் ஈட்டிவந்தவர். 10,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் அங்கே விற்றிருந்தார். இந்த மென்பொருள் தற்போது எந்தக் கணினியிலும் நிறுவப்பட்டிருக்கவில்லை என்ற குறிப்போடு, நான்கு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏலத்துக்கு விட்டார்.

முதல் பெட்டி ஏலத்துக்கு வந்ததும் அது தன் பதிப்புரிமையை மீறுவதாக ஆட்டோடெஸ்க் ஈபேக்கு அறிவிப்பு அனுப்பியது. ஈபே ஏலத்தை நீக்கியது. வெர்னர் எதிர் அறிவிப்பு அனுப்பினார். அதற்கு ஆட்டோடெஸ்க் பதில் சொல்லாததால் ஏலம் மீண்டும் திறக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் பெட்டிகளுக்கும் இதே சுற்று நடந்தது. நான்காம் பெட்டியின்போது, தொடர்ந்து புகார் வருகிறது என்ற காரணத்தால் ஈபே அவருடைய கணக்கையே முடக்கியது. ஒரு மாத காலம் அவர் அந்தத் தளத்தில் எதையும் விற்க முடியவில்லை. கணக்கு மீண்ட பிறகும் அவர் கையில் இரண்டு பிரதிகள் எஞ்சியிருந்தன. அவற்றை விற்கும் உரிமை தமக்கு உண்டு என்று அறிவிக்குமாறு கோரி 2007 ஆகஸ்டில் அவரே ஆட்டோடெஸ்க் மீது வழக்குத் தொடுத்தார்.

யாரோ பயன்படுத்தி ஒதுக்கிய மென்பொருளை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தலாமா, விற்கலாமா என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் முதலில் தேடிப் படிக்கப்படும் வழக்கு இதுதான். 2010 செப்டம்பர் 10 அன்று, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வெர்னருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததால் அதுவே நிலைத்தது. வழக்கின் முடிவு அதன் உண்மைகளோடு ஓரளவு பொருந்துகிறது என்றும், ஆனால் அந்த முடிவை அடைய நீதிமன்றம் வகுத்த விதி தேவைக்கு மேல் அகலமானது என்றும் நான் கருதுகிறேன். அதை விளக்க, பெட்டிகள் வெர்னரிடம் வருவதற்கு முன் நடந்தவற்றுக்குச் செல்ல வேண்டும்.

பெட்டிகள் வந்த வழி

அந்தக் கட்டடக்கலை நிறுவனம் தன் மென்பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக ஆட்டோடெஸ்க் முன்பே குற்றம் சாட்டியிருந்தது. 1999 மார்ச்சில் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதன் ஒரு பகுதியாக வெளியீடு 14-இன் பத்துப் பிரதிகள் அந்த நிறுவனத்துக்கு உரிமத்தின் பேரில் கொடுக்கப்பட்டன. உரிம ஒப்பந்தம் ஒவ்வொரு பெட்டியோடும் வந்தது, சமரச ஆவணத்தில் இடம்பெற்றது, மென்பொருளை நிறுவும்போது திரையிலும் தோன்றியது. ஆகவே, உரிமத்தைப் பார்க்கவில்லை என்று முதல் வாடிக்கையாளர் சொல்ல வழியே இல்லை.

ஒப்பந்தத்தின்படி எல்லாப் பிரதிகளின் உடைமையுரிமையும் ஆட்டோடெஸ்கிடமே இருக்கும். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பிறருக்கு மாற்ற முடியாத உரிமம் மட்டும். முன் அனுமதியின்றி மென்பொருளை வாடகைக்கோ குத்தகைக்கோ விடவும் பிறருக்குக் கைமாற்றவும் கூடாது. மேற்கு அரைக்கோளத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நிரலை மாற்றவோ பிரித்தாராயவோ கூடாது. இவற்றோடு, நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு நிபந்தனையும் இருந்தது: வாடிக்கையாளர் புதிய பதிப்புக்கு மாறினால், பழைய பதிப்பின் பிரதிகளை அறுபது நாளுக்குள் அழித்துவிட வேண்டும், அழித்ததற்கான சான்றை ஆட்டோடெஸ்க் கேட்டால் காட்டவும் வேண்டும்.

பின்னர் அந்த நிறுவனம் ஆட்டோகேட் 2000 பதிப்புக்கு மாறியது. புதிய உரிமம் ஒன்றின் விலை 3,750 டாலர். பழைய உரிமம் வைத்திருப்பவருக்கோ 495 டாலர். பத்து உரிமங்களையும் அது 495 டாலர் விலையிலேயே பெற்றது. ஆனால் பழைய பெட்டிகள் அனைத்தையும் அழிக்கவில்லை. அவற்றுள் நான்குதான் 2007-இல் வெர்னரிடம் வந்தன.

இந்த விலை வேறுபாட்டை வழக்கைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகின்றன. ஒரு பிரதிக்கு 3,255 டாலர் தள்ளுபடி என்பது வெறும் விற்பனைச் சலுகை அன்று. பழையது சந்தைக்குத் திரும்பி வராது என்ற உறுதிமொழிக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட விலை. அந்த உறுதிமொழியை மீறியது கட்டடக்கலை நிறுவனம்தான். வழக்காடியதோ அதைப் பற்றி எதுவுமே அறியாத மூன்றாம் மனிதர்.

இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு வாசிப்புகள்

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் முதல் விற்பனைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தக் குறிப்பிட்ட பிரதி அடுத்து யாரிடம் போகிறது என்பதில் பதிப்புரிமையாளர் தலையிட முடியாது என்பதே அதன் சாரம். 1908-இல் உச்ச நீதிமன்றம் இதை நிறுவியது. ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்று ஒரு பதிப்பகம் தன் நாவலில் அச்சிட்டிருந்தது. ஒரு பல்பொருள் அங்காடி அதே நாவலை 89 சென்டுக்கு விற்றது. அச்சிட்ட அந்த அறிவிப்பு அங்காடியைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்று அக்கோட்பாடு சட்டத்தின் 109-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் பயன் பிரதியின் உரிமையாளருக்கே உண்டு. வாடகை, குத்தகை, இரவல் ஆகிய வழிகளில் உடைமையை மட்டும் பெற்றவருக்கு இல்லை என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

மென்பொருளுக்கு 117-ஆம் பிரிவு என்ற இரண்டாம் கதவும் உண்டு. ஒரு நிரலை நிறுவும்போதும் இயக்கும்போதும் கணினி தவிர்க்க முடியாமல் அதைப் படியெடுக்கிறது. அந்தப் படியெடுப்பு குற்றமாகாது என்று இப்பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் இங்கும் விலக்கு பிரதியின் உரிமையாளருக்குத்தான். இந்தப் பிரிவைப் பரிந்துரைத்த ஆணையம், முறையாக உடைமை பெற்றிருப்பவர் எவருக்கும் இந்த விலக்கு வேண்டும் என்றே எழுதியிருந்தது. 1980-இல் சட்டமாக்கும்போது நாடாளுமன்றம் அந்த இடத்தில் உரிமையாளர் என்று மாற்றியது. ஏன் மாற்றியது என்பதற்கு விளக்கம் எதையும் விட்டுச்செல்லவில்லை. அன்று அது மாற்றப்படாமல் இருந்திருந்தால், வெர்னரிடம் வாங்கியவர்களின் நிலை வேறாக இருந்திருக்கலாம்.

ஆக, இரு பிரிவுகளும் ஒரே கேள்விக்குத்தான் இட்டுச் செல்கின்றன: கட்டடக்கலை நிறுவனம் அந்தப் பிரதிகளின் உரிமையாளரா, உரிமம் பெற்ற பயனர் மட்டுமா? அது உரிமையாளர் என்றால் வெர்னரும் உரிமையாளர். அது வெறும் பயனர் என்றால், இல்லாத உரிமையை அது விற்றிருக்க முடியாது. வெர்னர் கொடுத்த விலையும் அவருடைய நல்லெண்ணமும் அந்தக் குறையை நிரப்பமாட்டா. உரிம ஒப்பந்தத்தைத் தாம் ஏற்கவே இல்லை, மென்பொருளை நிறுவவே இல்லை என்று வெர்னர் வாதிட்டார். அது உண்மைதான். ஆனால் அவர் ஏற்றாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருக்கு விற்றவரிடம் விற்க என்ன இருந்தது என்பதே கேள்வி.

வழக்கை முதலில் விசாரித்த மாவட்ட நீதிமன்றம் 2009-இல் வெர்னர் பக்கம் நின்றது. 1977-இல் ஒன்பதாம் வட்டாரமே அளித்த தீர்ப்பு ஒன்றை அது பின்பற்றியது. அந்த வழக்கில் திரைப்படச் சுருள்கள் பலருக்குப் பலவகை ஒப்பந்தங்களின்கீழ் போயிருந்தன. ஒரு நடிகைக்குத் தரப்பட்ட சுருளை அவர் விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தபோதும், அதைத் திருப்பித்தர வேண்டிய கட்டாயம் இல்லாததால் அது விற்பனையே என்று நீதிமன்றம் கண்டது. ஆட்டோகேட் பெட்டிகளையும் வாடிக்கையாளர் திருப்பித்தர வேண்டியதில்லை. ஒரே தொகையைச் செலுத்தி, காலவரையின்றி வைத்துக்கொள்ளலாம். எனவே பெயர் எதுவானாலும் நடந்தது விற்பனைதான் என்று மாவட்ட நீதிமன்றம் முடிவுகட்டியது.

1990-களிலும் அதன் பிறகும் மென்பொருள் தொடர்பாக வந்த மூன்று தீர்ப்புகள் எதிர்த்திசையில் சென்றிருந்தன. அவற்றுள் முதன்மையானது 1993-இல் வந்தது: கணினியைப் பழுதுபார்க்க இயக்கியதே தற்காலிக நினைவகத்தில் ஒரு பிரதியை உண்டாக்குகிறது, வாடிக்கையாளர் வெறும் உரிமம் பெற்றவர் என்பதால் அது மீறல் என்று அது சொன்னது. 1998-இல் நாடாளுமன்றம் பழுதுபார்ப்புக்கு மட்டும் தனி விலக்கு கொடுத்தது. உரிமையாளர் யார் என்ற அடிப்படையைத் தொடவில்லை. பழைய தீர்ப்பும் பிந்தைய மூன்றும் முரண்படுகின்றன, முரண்பட்டால் மூத்ததையே பின்பற்ற வேண்டும் என்றது மாவட்ட நீதிமன்றம். முரண்பாடே இல்லை, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பொருத்தலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

அந்த அளவுகோல் மூன்று கூறுகளைக் கொண்டது. பயனருக்குத் தரப்படுவது உரிமமே என்று பதிப்புரிமையாளர் குறிப்பிட்டிருக்கிறாரா. பிறருக்கு மாற்றும் உரிமையைக் கணிசமாகக் கட்டுப்படுத்தியிருக்கிறாரா. பயன்பாட்டின்மீது குறிப்பிடத்தக்க கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், பிரதியைக் கையில் வைத்திருப்பவர் உரிமம் பெற்றவரே தவிர உரிமையாளர் அல்லர். ஆட்டோடெஸ்கின் ஒப்பந்தம் மூன்றையும் நிறைவு செய்தது. கட்டடக்கலை நிறுவனம் உரிமையாளர் அன்று, வெர்னரும் அல்லர், அவரிடம் வாங்கி நிறுவியவர்கள் 117-ஆம் பிரிவின் நிழலில் ஒதுங்கவும் முடியாது.

அழிக்கும் கடமையும் அழிக்கும் சுதந்திரமும்

இந்த மூன்று கூறுகளுமே விற்பவர் எழுதும் காகிதத்தைச் சார்ந்தவை. எவ்வளவு பணம் கைமாறியது, பிரதியை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம், திருப்பித்தர வேண்டுமா என்ற கேள்விகள் அளவுகோலுக்குள் வரவில்லை. வழக்கில் கருத்துரை அளித்த அமெரிக்க நூலகச் சங்கம் அஞ்சியது இதைத்தான்: நாளை ஒரு பதிப்பகம் இதே வாசகங்களைப் புத்தகத்தில் அச்சிட்டு, 1908-இல் தோற்ற வாதத்தை உரிமம் என்ற பெயரில் மீண்டும் வென்றுவிடலாமே. பழைய பொருள் சந்தை இருந்தால்தான், வெளியீட்டாளர் விற்பதை நிறுத்திய பதிப்புகளும் மக்களுக்குக் கிடைக்கும் என்று ஈபே கூறியது. மென்பொருள் துறைச் சங்கமும் திரைப்படத் தயாரிப்பாளர்களின் சங்கமும் ஆட்டோடெஸ்க் பக்கம் நின்றன. மாணவருக்கு ஒரு விலை, நிறுவனத்துக்கு ஒரு விலை என்று பிரித்து விற்க முடிவது, கைமாற்றலைத் தடுக்க முடிவதால்தான் என்பது அந்தப் பக்கத்தின் வாதம். இரு தரப்பு வாதத்திலும் வலு இருக்கிறது, சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

நான் மாறுபடும் இடம் இதற்கும் முந்தையது. வெர்னர் விற்ற பிரதிகள் வெவ்வேறு வகையானவை. 2007-இல் வாங்கிய நான்கு பெட்டிகளுக்கு முன்னரே, 2005 மே மாதத்தில் ஒரு வீட்டுப் பழம்பொருள் விற்பனையில் யாரென்று தெரியாத ஒருவரிடம் அவர் இதே வெளியீட்டின் ஒரு பெட்டியை வாங்கி விற்றிருந்தார். அந்தப் பெட்டிக்குப் பின்னால் தள்ளுபடி விலைப் புதுப்பிப்பு எதுவும் நடந்ததற்குச் சான்று இல்லை. கட்டடக்கலை நிறுவனத்தின் பெட்டிகளோ, புதிய பதிப்புக்கு மாறிய நாளிலேயே ஒருவகையில் விலையின் பகுதியாகக் கொடுத்துத் தீர்க்கப்பட்டவை. பழைய மிக்சியைக் கொடுத்துப் புதியதை விலை குறைத்து வாங்கிய பின், பழையதையும் வேறொருவருக்கு விற்பது போன்றது அந்த நிறுவனம் செய்த செயல். முதலில் அது உரிமையாளராகவே இருந்திருந்தாலும், அந்தப் பரிமாற்றத்தோடு பழைய பிரதிகளின்மீதான உரிமை முடிந்துபோயிற்று என்று நீதிமன்றம் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் வெர்னர் தோற்றிருப்பார். ஆனால் முழு விலை கொடுத்து வாங்கி, புதுப்பிக்காமல், பயன்பாடு முடிந்து ஒதுக்கப்பட்ட பிரதியை வாங்கியவர் காப்பாற்றப்பட்டிருப்பார். தீர்ப்பில் உள்ள அளவுகோல் இந்த இருவரையும் வேறுபடுத்தவே இல்லை.

இதே கேள்வியை இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் கிராஸ் – டைட்டில்சர்வ் வழக்கில் வேறுவிதமாக அணுகியிருந்தது. ஓர் ஆலோசகர் ஒரு நிறுவனத்துக்கென்று நிரல்கள் எழுதிக்கொடுத்தார். உறவு முறிந்த பின் அவற்றை நிறுவனம் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது என்றார். காகிதத்தில் உரிமையாளர் யார் என்பதைவிட, உரிமையாளர் செய்யக்கூடியவற்றை யார் செய்ய முடிந்தது என்று பார்த்தது அந்த நீதிமன்றம். நிறுவனம் கணிசமான பணம் கொடுத்திருந்தது, நிரல்கள் அதன் கணினிகளிலேயே இருந்தன, ஆலோசகருக்கு அவற்றைத் திரும்பப் பெறும் உரிமை இல்லை, என்றென்றும் பயன்படுத்தலாம், விரும்பிய நேரத்தில் தூக்கியெறியவோ அழிக்கவோ நிறுவனத்துக்குச் சுதந்திரம் இருந்தது. எனவே அது உரிமையாளரே.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கைகழுவுதல் என்ற செயலே சட்டத்தில் இரண்டு எதிரெதிர் பொருள்களைப் பெறுவது தெரியும். தன் விருப்பப்படி தூக்கியெறிய முடிவது உரிமையாளரின் அடையாளம். ஆணைப்படி அழித்தாக வேண்டியது உரிமம் பெற்றவரின் அடையாளம். மாவட்ட நீதிமன்றம் அழிக்கும் கடமையைப் பொருட்படுத்தவில்லை. திருப்பித்தரும் கடமை இருக்கிறதா என்று மட்டும் தேடியது. ஒரு குறுந்தகட்டைப் பொறுத்தவரை அழிப்பதற்கும் திருப்பித்தருவதற்கும் வணிக விளைவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், இந்த ஒரு புள்ளியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பார்வையே கூர்மையானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெர்னர் வழக்கை விசாரித்த அதே மூன்று நீதிபதிகள் 2011 ஜனவரியில் இதன் மறுபக்கத்தையும் காட்டினார்கள். யூஎம்ஜி இசை நிறுவனம் விளம்பரத்துக்காக வானொலியாளர்களுக்கும் விமர்சகர்களுக்கும் கேட்காமலே அனுப்பிய குறுந்தகடுகள் சில ஈபேயில் விற்பனைக்கு வந்தன. இது உரிமம் மட்டுமே, விற்கக் கூடாது என்று தகட்டின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் பெற்றவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. யாரிடம் எது இருக்கிறது என்று நிறுவனம் கணக்கு வைக்கவுமில்லை, திருப்பிக் கேட்கவுமில்லை. அனுப்பியதோடு உரிமை கைமாறிவிட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் அச்சு வாசகம் போதாது, பெறுபவரோடு உண்மையான ஓர் ஒப்பந்த உறவு வேண்டும் என்பதே இந்த இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் பொருள்.

கைவிட்டது யார்?

குப்பையில் கிடந்ததை எடுத்தேன், அதை யாரும் உரிமை கோரவில்லை என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுவதால் அதையும் பார்த்துவிடலாம். தூக்கியெறிபவர் தன்னிடம் இருப்பதைத்தான் கைவிட முடியும். பிளாஸ்டிக் தகட்டை அவர் கைவிடலாம். அதிலுள்ள நிரலின் பதிப்புரிமையைக் கைவிட அவரால் இயலாது, ஏனெனில் அது அவருடையது அன்று. பதிப்புரிமையாளர் கைவிட்டார் என்று சொல்ல, அந்த எண்ணத்தை வெளிப்படுத்தும் தெளிவான செயல் ஒன்று அவரிடமிருந்தே வர வேண்டும். விற்பனையை நிறுத்தியதோ ஆதரவை விலக்கியதோ அத்தகைய செயல் ஆகாது. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டு உருவாக்கிய படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு அல்லது உருவாக்கத்திலிருந்து 120 ஆண்டு, இவற்றுள் முதலில் முடிவது வரை பாதுகாப்பு உண்டு. 1997-இல் வெளிவந்த ஒரு நிரல் 2092 முடியும் வரை யாரோ ஒருவரின் சொத்தாகவே இருக்கும். அதை இயக்கும் கணினி அதற்குள் எத்தனை தலைமுறை முன்பே மறைந்திருக்கும் என்பது சட்டத்தின் கவலை அன்று. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை: அத்தகைய உரிமங்களுள் ஒன்றான குனூ பொது உரிமத்தின்கீழ் வந்த பிரதி யார் கைக்குப் போனாலும், பெறுபவருக்கு மூலப் பதிப்புரிமையாளரிடமிருந்து நேரடியாக உரிமம் கிடைத்துவிடுகிறது.

இதே பெட்டிகள் ஐரோப்பாவில் இருந்திருந்தால்

ஐரோப்பிய ஒன்றியம் இதே கேள்விக்கு ஏறத்தாழ நேரெதிர் விடை சொன்னது. அதற்கும் முன்பாகவே, 2000 ஜூலையில், ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் மைக்ரோசாஃப்ட் தொடர்பான வழக்கொன்றில் ஒரு பாதையைத் திறந்திருந்தது. புதிய கணினியோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சந்தைக்கு வந்த மென்பொருள் பிரதியை ஒரு வணிகர் தனியாக விற்றார். பிரதி ஒருமுறை பதிப்புரிமையாளரின் சம்மதத்தோடு விற்கப்பட்டபின், அந்த நிபந்தனை ஒப்பந்தம் செய்தவரைக் கட்டுப்படுத்தலாமே ஒழிய மூன்றாம் மனிதரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது.

2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் பேரமர்வு யூஸ்ட்சாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் இதை இன்னும் தொலைவு கொண்டுசென்றது. ஆரக்கிளின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்தே மென்பொருளைப் பதிவிறக்கினார்கள். உரிமம் காலவரையற்றது, ஆனால் மாற்ற முடியாதது என்று ஒப்பந்தம் சொன்னது. பயன்படுத்திய உரிமங்களை யூஸ்ட்சாஃப்ட் வாங்கி விற்றது. பணம் பெற்றுக்கொண்டு, காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையோடு ஒரு பிரதியைத் தருவது விற்பனையே என்றது நீதிமன்றம். அப்படிக் கொள்ளாவிட்டால், ஒப்பந்தத்துக்கு உரிமம் என்று பெயரிட்டாலே போதும், விற்பவர் எவரும் விதியிலிருந்து தப்பிவிடலாம் என்ற அதன் விளக்கத்தை, இரண்டு ஆண்டுக்கு முன் அமெரிக்கத் தீர்ப்பு விட்டுவைத்த இடைவெளிக்குச் சொன்ன பதிலாகவே படிக்கலாம்.

அப்படியென்றால் வெர்னர் ஐரோப்பாவில் வென்றிருப்பாரா? பலர் ஆம் என்கிறார்கள். எனக்கு ஐயம் உண்டு. யூஸ்ட்சாஃப்ட் தீர்ப்பு ஒரு நிபந்தனையை அழுத்திச் சொல்கிறது: மறுவிற்பனை செய்யும் முதல் வாடிக்கையாளர், விற்கும் நேரத்தில் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். இருபத்தைந்து பயனர்களுக்கான உரிமத்தை வாங்கி, தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை மட்டும் பிரித்து விற்பதற்கும் அது இடம் தரவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தின்கீழ் திருத்தப்பட்டுப் புதுப்பிக்கப்பட்ட பிரதி, முதலில் வாங்கிய பிரதியின் தொடர்ச்சியே என்றும் கூறுகிறது. தனியாகப் பணம் செலுத்திப் பெறும் புதிய பதிப்பை அத்தீர்ப்பு நேரடியாக ஆராயவில்லை. ஆனாலும், பழைய உரிமத்தின் பலத்தில் தள்ளுபடி விலைக்குப் பெற்ற புதிய பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே பழையதை விற்ற கட்டடக்கலை நிறுவனம், ஓர் உரிமத்தை இரண்டாக்கிவிட்டது என்ற வாதத்தை அங்கும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2005-இல் வாங்கிய தனிப் பெட்டி அங்கே தப்பியிருக்கும். 2007-இன் நான்கு பெட்டிகளும் தடுமாறியிருக்கும் என்பது என் கணிப்பு. ஐரோப்பிய விதி பொருளின் வரலாற்றைக் கேட்கிறது. அமெரிக்க விதி ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கேட்கிறது.

ஐரோப்பிய விதிக்கும் எல்லை உண்டு என்பதை லாட்வியாவிலிருந்து வந்த ஒரு குற்ற வழக்கு காட்டியது. மைக்ரோசாஃப்ட் நிரல்களின் காப்புப் பிரதிகளை இருவர் ஓர் இணையச் சந்தையில் விற்றிருந்தார்கள். அசல் தகடு உடைந்தாலும் தொலைந்தாலும், அதற்கெனப் படியெடுத்து வைத்திருந்த காப்புப் பிரதியைப் பதிப்புரிமையாளரின் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று 2016 அக்டோபரில் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசல் தகட்டை விற்கலாம். அதன் படியை விற்கக் கூடாது.

தீர்ப்புக்குப் பின்

அமெரிக்காவில் வெர்னர் தீர்ப்பின் கடுமையை 2015 டிசம்பரில் அதே ஒன்பதாம் வட்டாரம் ஓரளவு தளர்த்தியது. அடோபி – கிறிஸ்டென்சன் வழக்கில், இடைத்தரகர்களிடம் வாங்கிய அடோபி மென்பொருள்களை ஒருவர் இணையத்தில் விற்றுவந்தார். அளவுகோலை நீதிமன்றம் மாற்றவில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக்கியது. பிரதிகளை முறையாக வாங்கினேன் என்பதற்கான சான்றை விற்பவர் காட்டிவிட்டால், அவை விற்கப்படவில்லை, உரிமத்தின் பேரில்தான் கொடுக்கப்பட்டன என்று மெய்ப்பிப்பது பதிப்புரிமையாளரின் பொறுப்பு. அதற்குப் பொதுவான மாதிரி ஒப்பந்தம் போதாது. அந்தப் பிரதிகளுக்கு உரிய உரிம ஆவணம் வேண்டும். அடோபியால் அதை உரிய நேரத்தில் வழக்கில் முன்வைக்க இயலவில்லை, தோற்றது.

நடைமுறையில் இதன் விளைவு பெரியது. வெர்னர் வழக்கில் ஆட்டோடெஸ்க் வென்றதற்கு அதன் ஒப்பந்தம் மட்டும் காரணம் அன்று. சமரச ஆவணம், பெட்டியோடு வந்த வாசகம், புதுப்பிப்பு விலைப் பதிவு என்று ஒவ்வொரு கண்ணியையும் அதனால் காட்ட முடிந்தது. கையைவிட்டுக் கை மாறி, விற்றவர் யாரென்றே தெரியாமல் போன ஒரு பிரதிக்கு இந்தச் சங்கிலியைக் கட்டியெழுப்புவது எளிதன்று. ஆகவே கழித்த மென்பொருளை எடுத்துக்கொள்பவர், உடன்வந்த கொள்முதல் சீட்டையும் உரிமச் சான்றையும் பழைய உரிமையாளர் தன் கணினிகளிலிருந்து அதை நீக்கியதாகத் தரும் எழுத்துறுதியையும் தகட்டைவிடக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும். பெட்டியின் மேல் கையால் எழுதிய எண் மென்பொருளைத் திறக்கலாம், உரிமையை மெய்ப்பிக்காது. புதுப்பிப்பு எதற்கேனும் இந்தப் பிரதி அடிப்படையாக இருந்ததா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருசேரப் பயன்படும்.

மாதச் சந்தாவாகவும் பயனர் கணக்கோடு பிணைந்தும் வரும் இன்றைய மென்பொருள்களுக்கு இந்தத் தர்க்கம் எதுவும் நீளவில்லை. யூஸ்ட்சாஃப்ட் தீர்ப்பு காலவரையற்ற உரிமத்தையே விற்பனை என்று கொண்டது. காலம் வரையறுத்த சந்தா அதற்குள் வராது, சந்தா முடிந்த நாளில் கைமாற்றுவதற்கு எதுவும் மிஞ்சுவதுமில்லை. மறுவிற்பனை பற்றிய வழக்குகள் ஒருமுறை பணம் கட்டி வாங்கிய பழைய பதிப்புகளைச் சுற்றியே தொடர்வதற்கு அதுவே காரணம். அத்தகைய பதிப்புகள் இன்னும் ஏராளமான அலுவலகங்களின் அலமாரிகளிலும் வழங்கிகளிலும் இருக்கின்றன.